ஊட்டிக் காரும் மண்டபத்துக் குளிரும்

ராமேசுவரத்துக்கு முன்னால் கடலோரம் இருக்கும் எங்கள் ஊரான மண்டபத்தில் மார்கழிக் குளிர் என்றால் விடிகாலையில் 23, 24 டிகிரி. ஊட்டியில் இந்தச் சூடு கோடை மதியத்தில்தான் கிடைக்கும். ஆனால் எங்கள் தெருவில் அதற்கே காதை மூடும் கம்பளிக் குல்லாய்கள் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். மாமா ஒருவர் அதுவும் போதாதென்று கழுத்தில் துண்டும் சுற்றிக்கொண்டு, "என்ன குளிர், என்ன குளிர்" என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கார் காலையில் கிளம்ப மறுத்தால் யார் மேல் பழி விழும்? பனியின் மேல்தான்.

கார் ஊட்டியிலிருந்து வந்தது. டி.என். 43 என்ற எண்ணே அதன் பிறப்புச் சான்றிதழ். பழைய டீசல் வண்டி. உறைபனி விழும் ஜனவரியில்கூடச் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும் என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. நான் வாங்கிய பிறகு முதல் மழைக்காலம் வரை எங்கள் ஊரிலும் அப்படித்தான் கிளம்பியது. மார்கழி பிறந்ததும் விடியற்காலையில் மட்டும் முரண்டு. வெயில் ஏறிவிட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்பிவிடும். பனிக் கட்சிக்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

திருவாதிரை அன்று விவகாரம் முற்றியது. உத்தரகோசமங்கை மரகத நடராஜருக்கு ஆண்டில் திருவாதிரையை ஒட்டித்தான் சந்தனக் காப்பு களைந்து தரிசனம். அம்மா நள்ளிரவு தாண்டியதும் குளித்து, பட்டுப் புடவை கட்டி, முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் கிளம்புமுன் உள்ளே சூடேறுவதைக் காட்டும் சுருள் விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி திருப்பினேன். "டக்." அவ்வளவுதான். ஹார்ன் தெருவையே எழுப்பியது, முகப்பு விளக்கு எதிர்வீட்டுச் சுவரில் வெள்ளையடித்தது, இன்ஜின் மட்டும் மௌன விரதம்.

ஹார்ன் சத்தத்தில் தெரு கூடிவிட்டது. மாமா முதல் ஆள். "பனி இறங்கியிருக்கிறது, மாப்பிள்ளை. சாக்குப் போட்டு மூடு என்று சொன்னேனே, கேட்டாயா?"

தள்ளிவிடலாம் என்றார் ஒருவர். ஊட்டியில் கார் கிளம்பாவிட்டால் கவலையில்லை, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினால் சரிவே கிளப்பிவிடும். எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்ல பாம்பன் சாலைப் பாலத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? தெருவோ முழங்கால் வரை மணல். ஆறு பேர் தள்ளியதில் கார் நகர்ந்தது, இரண்டு பேர் செருப்பு மணலுக்குள் போனது, இன்ஜின் ஒரு தடவை பெருமூச்சு விட்டு நின்றது.

அடுத்து வந்தவர் பட்டாளத்து அண்ணன். லடாக்கில் ராணுவ லாரி ஓட்டியவர். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் என்று அழகாக விளக்கினார். உண்மைதான், ஆனால் அதற்கு எங்கள் ஊர் மார்கழியெல்லாம் போதாது. "நாங்கள் டீசல் டாங்கிக்கு அடியில் தீ மூட்டுவோம், தம்பி" என்று சொன்னவர், சொன்னதோடு நிற்காமல் வேலியோரத்துச் சீமைக் கருவேலம் முள்ளைக் கால்செருப்பால் ஒதுக்கிக் குவிக்கவும் தொடங்கிவிட்டார். எங்கள் மாவட்டத்தில் விறகுக்கா பஞ்சம்? தண்ணீர்க் குடத்தோடு குறுக்கே போய் நின்றேன்.

அம்மா இதையெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கதவைத் திறந்து இறங்கி, "நடராஜர் காத்திருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். திருவிழாவுக்காக விட்ட சிறப்புப் பேருந்து அவருக்காகவே வந்தது மாதிரி வந்தது.

குற்றவாளியைப் பிடித்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. நாட்டுப்படகில் டீசல் இன்ஜினோடு வாழ்நாளைக் கழித்தவர். கூட்டம் கலைந்த பிறகு பானெட்டைத் தூக்கச் சொன்னார். "இன்னொரு தடவை சாவியைப் போடு." போட்டேன். "டக்." தாத்தா எதையோ தொட்டார், சட்டென்று கையை உதறினார். "தொட்டுப் பார்."

ஆக்ஸிலரேட்டர் கேபிள். சுட்டது. கிளம்பாத வண்டியில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் எதற்காகச் சுட வேண்டும்?

"குளிரில் எதுவும் சுடாது. இது உப்பு" என்றார் தாத்தா. அதோடு தம் தீர்ப்பை முடித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மீதிக் கதையை மெக்கானிக் பாய் வந்து சொன்னார். பேட்டரியில் மீட்டரை வைத்தார்: 12.6 வோல்ட், முழு சார்ஜ். ஒரு தடித்த ஒயரை எடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நேராக இன்ஜின் இரும்பில் பிடித்தார். "இப்போது போடுங்கள்." சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது. மாமா தன் குல்லாயைக் கழற்றிவிட்டார்.

விஷயம் இதுதான். இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் போகாது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் போன கரண்ட் திரும்பி வர, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டை ஒன்று உண்டு. எர்த் பட்டை என்பார்கள். முகப்பு விளக்கு இரண்டும் சேர்ந்து இழுப்பது பத்து ஆம்பியர் அளவுதான், அவை பாடியோடு நேராக இணைந்திருப்பதால் இந்தப் பட்டையின் தயவும் வேண்டாம். டீசல் ஸ்டார்ட்டர் கேட்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். பட்டை செத்துவிட்டதால் அத்தனையும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்தது, பாலம் உடைந்ததும் லாரிகளெல்லாம் ஒற்றையடிப் பாதையில் இறங்கியது போல. கேபிள் சுட்டதற்கு அதுதான் காரணம். காலையில் ஆறிக் கிடக்கும் இன்ஜினைச் சுற்றக் கூடுதல் கரண்ட் வேண்டும். வெயிலில் காய்ந்த பிறகு கொஞ்சம் குறைவாகப் போதும். மத்தியானம் அது சமர்த்தாகக் கிளம்பியதன் ரகசியம் இவ்வளவுதான்.

பாய் அந்தப் பட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெளிப்பார்வைக்குப் பின்னல் அப்படியே இருந்தது. விரலால் லேசாக நெருடினேன்: பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது, உள்ளே நாலைந்து இழைதான் உயிரோடு இருந்தன. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் நிற்கும் எங்கள் ஊரில் வாடைக்காற்று வீசத் தொடங்கினால் சன்னல் கம்பியே நாக்கில் கரிக்கும். மலையில் உறைபனியைத் தாங்கிய பட்டை, ஒரு மழைக்காலத்து உப்பில் போய்விட்டது.

புதுப் பட்டை மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் கழுவித் துடைத்தார். மழைக்காலம் வருமுன் வருடா வருடம் இதைப் பார்த்துவிட்டால் போதும் என்றார். பட்டாளத்து அண்ணன் மட்டும், "இருந்தாலும் டாங்கியைக் கொஞ்சம் சூடு காட்டியிருக்கலாம்" என்றார்.

மாலையில் அம்மா திரும்பினார். களைந்த சந்தனத்தைப் பிரசாதமாகக் கொண்டுவந்திருந்தார். எனக்கு நெற்றியில், காருக்கு பானெட்டில். பிறகு, "இப்போது சாவியைப் போடு" என்றார். போட்டேன். கிளம்பியது.

"பார்த்தாயா?" என்றார் அம்மா.

நான் பாயைப் பார்த்தேன். பாய், "சரிதான், அம்மா" என்று சொல்லிக்கொண்டே சில்லறையை எண்ணிச் சட்டைப் பையில் போட்டார். மாமா அதற்குள் பழைய பட்டையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு நடந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"காயலான் கடையில் செம்பு என்ன விலை போகிறது என்று உனக்குத் தெரியுமா, மாப்பிள்ளை?"