குணா குகைக்கு வர்றவங்க சந்தானபாரதி பேரையும் கொஞ்சம் சொல்லுங்க

கொடைக்கானல்ல பில்லர் ராக்ஸ் பக்கம் எந்த டாக்ஸில ஏறினாலும் டிரைவர் சொல்ற கதை ஒண்ணுதான். முன்னாடி டெவில்ஸ் கிச்சன்னு பேரு, கமல் சார் படம் எடுத்ததால குணா குகை ஆச்சு, 2024ல மஞ்சும்மல் பாய்ஸ் வந்தப்புறம் கூட்டம் தாங்கல. எல்லாம் நெசம்தான். ஆனா அந்தப் படத்த டைரக்ட் பண்ணவர் பேர யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? கொடைக்கானல்லயே வளந்த எனக்கு இது ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு.

சந்தானபாரதி. நிறைய பேருக்கு அவர நடிகராத்தான் தெரியும், அன்பே சிவம்ல கந்தசாமி படையாட்சியா வர்ற நாசரோட கையாள், விக்ரம்ல ஏஜென்ட் உப்பிலியப்பன். சினிமா குடும்பம். அப்பா எம்.ஆர்.சந்தானம் நடிகர், பாசமலர் எடுத்த தயாரிப்பாளர்கள்ல ஒருத்தர். கூடப் பிறந்தவர் ஆர்.எஸ்.சிவாஜி, கார்கி படத்துல சாய் பல்லவிக்கு அப்பாவா வந்து நம்மள உலுக்கி எடுத்தாரே அவர்தான், 2023ல போயிட்டார். அப்பா பேர வச்சுட்டு நேரா டைரக்டர் நாற்காலில வந்து உக்காரல சந்தானபாரதி, ஸ்ரீதர்கிட்ட அசிஸ்டன்ட்டா வேலை பாத்துட்டுத்தான் வந்தார். அங்க கூட இருந்தவர் பி.வாசு, அவர் அப்பா பீதாம்பரம் எம்ஜிஆரோட மேக்கப்மேன். ரெண்டு பேரும் சேந்து பாரதி-வாசுன்னு பேர் போட்டு எடுத்த முதல் படம் 1981ல வந்த பன்னீர் புஷ்பங்கள்.

அது ஊட்டில நடக்கற கதை. அதுவரைக்கும் தமிழ் சினிமால மலைன்னா ஸ்வெட்டர் போட்டுட்டு ஒரு டூயட் பாடிட்டு எறங்கிப் போற எடம், இதுல பசங்க அங்கயே தங்கிப் படிக்கறாங்க, குளிர்றதும் ஏங்கறதும் அங்கயேதான், வாத்தியாரா பிரதாப் போத்தன் அவங்களப் புரிஞ்சுக்கற ஒரே ஆளா இருப்பார். ஹாஸ்டல் பசங்க லேக் ரோட்டுல வரிசையா போறத சின்ன வயசுல இருந்து பாத்தவன் நான், அந்த மூஞ்சியில இருக்கற தனிமைய ஒரு படத்துல அப்படியே பாத்தது அதுலதான்.

பத்து வருஷம் கழிச்சு 1991 தீபாவளிக்கு குணா. தளபதி வந்த அதே தீபாவளி. அதே வருஷம்தான் வாசுவோட சின்னத்தம்பி ஊரையே புரட்டிப் போட்டுச்சு, குணா தியேட்டர்ல அந்த மாதிரி போகல, அப்புறம் டிவில திரும்பத் திரும்பப் போட்டுத்தான் ஜனங்க மனசுல உக்காந்துச்சு.

அந்தக் குகை இருக்கற எடத்துல ஷூட்டிங் பண்றதுன்னா என்னன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். வேலிக்கு இந்தப் பக்கமே மரத்து வேரெல்லாம் தரைக்கு மேல பின்னிக் கெடக்கும், மழை பேஞ்சா வழுக்கும், பனி ஏறிட்டா பக்கத்துல நிக்கறவன் தெரிய மாட்டான், வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். மஞ்சும்மல் பாய்ஸ்காரங்க கேரளால குகைய செட்டா போட்டாங்க, அது அவங்க திறமை, தப்பே இல்ல, ஆனா இவங்க நிஜமாவே உள்ள எறங்கினாங்க, ட்ரோன் எல்லாம் இல்லாத காலத்துல. கேமராமேன் வேணு எடுத்த அந்தப் பாறை ஈரத்த இன்னிக்குப் பாத்தாலும் எனக்கு கை சில்லுன்னு ஆகும்.

"அட அது கமல் படம்யா, டைரக்டர் சும்மா பேருக்கு"ன்னு சொல்றவங்க நிறைய. நான் ஒத்துக்க மாட்டேன். கமலோட பங்கு ரொம்பப் பெருசு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பன்னீர் புஷ்பங்கள்ல கமல் கிடையாதே? ஊர் உலகத்துல எடம் கிடைக்காத ரெண்டு பேர் மலைல ஒதுங்கறது ரெண்டு படத்துலயும் இருக்கு, மலைய வெறும் அழகா காட்டாம அவங்களுக்கு இருக்கற ஒரே எடமா காட்டற அந்தப் பார்வையும் ரெண்டுலயும் இருக்கு. அடுத்து 1994ல மகாநதி, தேசிய விருது வாங்கின படம், அதுவும் இவர் டைரக்ஷன்தான். இவ்வளவுக்கு அப்புறமும் அவர் பேருக்கு டைரக்டர்னு சொன்னா எப்படி?

சீசனுக்கு வர்றவங்க குகைக்கு முன்னாடி ரீல்ஸ் எடுத்து போடறீங்க, போடுங்க, சந்தோஷம், அதுல சந்தானபாரதின்னு ஒரு வார்த்தை சேத்துப் போடுங்க. எங்க ஊர் டிரைவர் அண்ணன்களுக்கும் இதத்தான் சொல்லிட்டு இருக்கேன். பன்னீர் புஷ்பங்கள் பாக்காதவங்க இருந்தா இந்த வாரமே பாத்துடுங்க.