அத்தையின் பாட்டியைத் தேடி

மார்ச் 9, 2024

ஓஹாயோ மாநிலத்தின் ஏக்ரனில் விடாத மழை. அத்தை (என் மாமியார்) பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். ஊசி, பொத்தான்களுக்கு நடுவே நடுவில் ஓட்டை போட்ட ஒரு பித்தளைக் காசு. மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியில், நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்குக் கூலியில் பிடித்துக்கொள்ளும் முன்பணமாகக் கம்பெனி கொடுத்த காசு இது, கம்பெனி கடையில்தான் செல்லும். ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. அத்தையின் பாட்டி வைத்திருந்ததாம். பாட்டியின் போட்டோ ஒன்றுகூட இல்லை. சரி, தேடிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மார்ச் 23

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் குடும்பப் பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள், வாசலில் நின்று காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போனவர்கள்தானே. 1890 கணக்கெடுப்பின் தாள்கள் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பாழாகி, மிச்சமும் பிறகு அழிக்கப்பட்டு, கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டன, அதனால் பாட்டி எட்டு வயதுச் சிறுமியாக இருந்த வீட்டைப் பார்க்க வழியில்லை. 1900இல் அவர் ஏற்கெனவே ஒருவரின் மனைவி.

ஆனால் 1910 தாளில் தாய்மார்களிடம் மட்டும் கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது. பெற்ற பிள்ளைகள்: 6. உயிரோடு இருப்பவர்கள்: 4. அந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகு எனக்கு வேறெதிலும் மனம் போகவில்லை.

ஏப்ரல் 6

தாத்தாவின் 1918 செப்டம்பர் ராணுவப் பதிவு அட்டை கிடைத்தது. நடுத்தர உயரம், ஒல்லி, நீலக் கண், கறுப்பு முடி. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அத்தை அந்தக் குறியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 20

மேற்கு வர்ஜீனியா மாநில ஆவணக் காப்பகம் பழைய இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இரவு ஒரு மணிக்கு ஒரு பிள்ளை கிடைத்தான். 1906, வயது ஒரு வருடம் இரண்டு மாதம், சீதபேதி. இன்னொரு பிள்ளையைப் பதிவேட்டில் காணவே காணோம். மலைக்கு மேலே செத்த குழந்தைக்காகக் கீழே இறங்கிப் போய் யார் எழுதி வைத்திருப்பார்கள்?

மே 26

காலையில் கிளம்பி மெக்டவல் போனோம். 1950இல் கிட்டத்தட்ட 99,000 பேர் இருந்த கவுண்டி, 2020இல் 19,111. அள்ளிப் போடும் வேலைக்கு இயந்திரம் வந்ததும் அத்தையின் அப்பாவும் பலரைப் போல ஓஹாயோவுக்குக் கிளம்பிவிட்டார், அப்போது அத்தைக்கு ஏழு வயது. அதன்பிறகும் வருடா வருடம் இந்த நாட்களில் கல்லறை சுத்தம் செய்யக் கூட்டி வருவாராம்.

வண்டி ஏறாது. அரை மணி நேரம் நடந்தோம், அத்தை கோல் ஊன்றிக்கொண்டு வந்தார். பாட்டிக்குப் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. பக்கத்தில் புல்லை விலக்கினால் ஓடையிலிருந்து எடுத்து நட்ட சின்னக் கற்கள், எழுத்தே கிடையாது. இரண்டு இருக்கும் என்று நினைத்துத்தான் குனிந்தேன். மூன்று இருந்தன.

அப்படியானால் 1910க்குப் பிறகும் ஒன்று போயிருக்கிறது. அத்தை ஒன்றும் பேசவில்லை. பையில் இரண்டு பூங்கொத்துதான் கொண்டுவந்திருந்தோம், அவர் அதைப் பிரித்து மூன்றாகக் கட்டினார்.