2021-ல உக்காந்திருந்த லேப்டாப்

ஒன்பதாவது தடவையா என் ஆன்லைன் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் அடிக்கறேன், புது லேப்டாப் அசைஞ்சு குடுக்கல.

சாஃப்ட்வேரும் இன்ஸ்டால் ஆகல, எதைத் தொட்டாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல'ன்னு ஒரே பாட்டு, நானும் வைஃபைய ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, போன்ல போய் பாஸ்வேர்டயே ரெண்டு தடவ மாத்தி...

அப்பதான் வலது பக்கம் கீழ் மூலைல கண்ணு போச்சு.

1 ஜனவரி 2021.

அடப்பாவி!

ஒவ்வொரு தளமும் 'நான் அசல்தான்'னு காட்டற சர்டிஃபிகேட்டுக்கும் ஆரம்ப தேதி, முடியற தேதின்னு ரெண்டு இருக்கு. 2021-ல உக்காந்திருக்கறதுக்கு இன்னைக்கு இருக்கற சர்டிஃபிகேட் இன்னும் பொறக்கவே இல்ல, அப்பறம் எப்படி நம்பும்?

நேரத்த தானா எடுத்துக்கற ஆப்ஷன ஆன் பண்ணேன். உடனே உள்ள விட்டுடுச்சு.

அது மேல கோவப்படவும் முடியல, அதுக்குத் தெரிஞ்ச வருஷத்துல அது சரியாத்தான் சந்தேகப்பட்டிருக்கு. நம்ம வீட்டுப் பெரியவங்க சில பேரும் இப்படித்தானோ என்னவோ.

பாஸ்வேர்ட மாத்தினதுல இப்ப பழைய கம்ப்யூட்டர் என்னை வெளிய தள்ளிடுச்சு.