படியைப் பாதியாக்கிப் பாருங்கள்

எம்.எஸ்சி. முடித்த கையோடு பிஎச்.டி. நேர்காணலுக்குப் போனேன். நியூமெரிக்கல் அனாலிசிஸில் வரும் ஆய்லர் முறையை, அதாவது வகைக்கெழுச் சமன்பாட்டின் விடையைச் சின்னச் சின்னப் படிகளாகத் தோராயமாகக் கணக்கிடும் வழியை, எழுதச் சொன்னார்கள், எழுதினேன். "படி நீளத்தைப் பாதியாக்கினால் பிழை என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. அதே பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன், ஆனாலும் வரவில்லை.

கடலூர் திரும்பியதும் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். வகைக்கெழுவும் சார்பும் சமமாக இருக்கும் எளிய சமன்பாடு. தொடக்க மதிப்பு 1. பூஜ்ஜியத்திலிருந்து ஒன்று வரை போனால் சரியான விடை 2.7183. படி நீளம் 0.1 வைத்தபோது 2.5937 வந்தது. 0.05 வைத்தபோது 2.6533. பிழை சுமார் 0.125-லிருந்து 0.065-க்கு இறங்கியிருந்தது, ஏறத்தாழ பாதி. இதைவிடத் துல்லியமான நான்காம் வரிசை ரங்கே-குட்டா முறையில் படியைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் குறையும். படி சிறிதாகும்போது பிழை எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதைச் சொல்வதுதான் 'வரிசை' என்பது அன்றைக்குத்தான் பிடிபட்டது.

கணிதத்தில் சிஎஸ்ஐஆர் நெட் (ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு) எழுதுகிறவர்களுக்கு இது நேரடியாக உதவும். மூன்றாம் பகுதியில் ஒரு கேள்விக்குச் சரியான விடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் அங்கே தடுமாறிப்போவோம். நியூமெரிக்கல் அனாலிசிஸைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சின்னப் பகுதிதான், கையால் போட்டுப் பழகினால் போதும்.

ஆய்வுக்கு வந்த பிறகு வேறு பாடம். வெப்பம் பரவுவதை விவரிக்கும் வெப்பச் சமன்பாட்டுக்கு (பரவல் கெழு 1) வெளிப்படை முறையில், அதாவது இப்போதைய மதிப்புகளிலிருந்தே அடுத்த கணத்தின் மதிப்பை நேரடியாகக் கணக்கிடும் முறையில், நிரல் எழுதினேன். இட இடைவெளி 0.1, கால இடைவெளி 0.006. கொஞ்ச நேரத்தில் எண்கள் கூட்டல் குறியும் கழித்தல் குறியுமாக மாறி மாறி வீங்கின. நிரலில் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். தப்பு அங்கே இல்லை. கால இடைவெளியை இட இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தால் 0.5-ஐத் தாண்டக் கூடாது; எனக்கு 0.6 வந்திருந்தது. 0.005 ஆக்கியதும் அடங்கிவிட்டது. இட இடைவெளியைப் பாதியாக்கினால் கால இடைவெளி கால்பங்காக வேண்டும் என்பதும் அப்போது புரிந்தது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. புயலின் பாதையை முன்கூட்டிக் கணிக்கும் கணினி மாதிரிகளும் இப்படி இடத்தையும் காலத்தையும் துண்டு போட்டுத்தான் கணக்கிடுகின்றன. அதனால் இந்தத் துறை எனக்குத் தூரத்து விஷயமாகத் தெரிவதில்லை.

ஆய்வுக்கு வர நினைப்பவர்கள் பைத்தானோ மேட்லாபோ ஏதாவது ஒரு நிரல்மொழியை இப்போதே தொடங்குங்கள். எழுதும் ஒவ்வொரு நிரலுக்கும் முதலில் விடை தெரிந்த கணக்கைக் கொடுங்கள், அப்புறம் படியைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். பிழை எதிர்பார்த்த அளவு குறைகிறதா என்று பார்த்துவிட்டு, விடை தெரியாத கணக்குக்குப் போங்கள்.