கார்டு பெயருக்குள் நகரும் இரண்டு சுரங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கீபோர்டு வாசிப்பவர்கள் பெரும்பாலும் கல்யாணக் கச்சேரியிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ கை பழகியவர்கள். சி, எஃப், ஜி மேஜரெல்லாம் தூக்கத்திலும் வரும். ஜாஸ் இசைத் தாளை விரித்தால் ஏறக்குறைய எல்லா கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தின்) பெயரிலும் ஒரு 7 ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் சிலர் சேர்ந்து அதைப் பழகிய வழி இது.

வெறும் சி 7 என்றால் சி, இ, ஜி, பி ஃப்ளாட் (அரைச் சுரம் இறங்கிய பி). ஃப்ளாட் இல்லாத பி வேண்டுமானால் மேஜர் 7 என்றோ சிறு முக்கோணமாகவோ போட்டிருக்கும். கழித்தல் குறி மைனர். வட்டம் டிமினிஷ்டு, அதன் குறுக்கே கோடு விழுந்தால் ஹாஃப் டிமினிஷ்டு. கையெழுத்துத் தாளில் மேஜரைக் குறிக்கும் பெரிய எம், மைனரைக் குறிக்கும் சின்ன எம் குழப்பும். முன்பின் கார்டுகளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஜாஸில் ஓயாமல் வரும் வரிசை டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. கரகரப்பிரியா, அரிகாம்போதி, சங்கராபரணம் என்று ராகம் ராகமாகத் தாவத்தான் நம் கைக்குத் தோன்றும். கணக்கு சரிதான்: டி, ஜி, சியை முறையே ஸட்ஜமாக வைத்தால் கிடைப்பவை அவையே. ஆனால் மூன்றும் அதே ஏழு வெள்ளைக் கட்டைகள். வெறுமனே ஏறி இறங்கினால் கார்டு மாறியதே காதில் விழாது.

மாற்றத்தைக் காட்டுபவை, கார்டுக்குப் பெயர் தரும் மூலச் சுரத்திலிருந்து எண்ணும் 3-ஆம், 7-ஆம் சுரங்கள். டி மைனரில் எஃப், சி. ஜி 7 வந்ததும் எஃப் அசையாது, சி அரைச் சுரம் இறங்கி பி ஆகும். அடுத்து பி நிற்கும், எஃப் இறங்கி இ ஆகும். இடக்கையில் நடு சியை ஒட்டி இந்த இரண்டை மட்டும் பிடித்தால் போதும். ரொம்பக் கீழே போனால் ஒலி கலங்கிவிடும். மூலச் சுரம் பேஸ் வாசிப்பவர் பாடு. மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவியை) நிமிடத்துக்கு 40-இல் வைத்து, அதன் தட்டுகளை 2, 4-ஆம் அடிகளாக எண்ணுங்கள்; வேகம் 80 ஆகும். ஒவ்வொரு கார்டின் முதல் அடியிலும் வலக்கை அந்த இரண்டில் ஒன்றில் இறங்கட்டும். சி மேஜரில் எஃப்பைத் தொட்டுக் கடக்கலாம், அதில் நிற்கக் கூடாது, இயோடு உரசும்.

ஜி 7க்குப் பதில் டி ஃப்ளாட் 7 வந்தாலும் இடக்கை மாறாது, அதே எஃப், பிதான். வலக்கைக்கு டி ஃப்ளாட்டை ஸட்ஜமாக்கி வாசஸ்பதி. ராக அறிவு உண்மையில் கைகொடுப்பது இங்கேதான்.

பெரிய தடை, சியில் வாசிப்பதை வேறு சுருதியில் ஒலிக்கவைக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன். எல்லாவற்றையும் சியில் வாசித்தே பழகிய கைக்கு, எஃப்பிலும் பி ஃப்ளாட்டிலும் எழுதிய தாள் விளங்காது. பட்டனை அணைத்துவிட்டு இதே வரிசையை சி, எஃப், பி ஃப்ளாட், இ ஃப்ளாட் என்று நகர்த்துங்கள். எஃப்பில் இடக்கை பி ஃப்ளாட்-எஃப், பி ஃப்ளாட்-இ, ஏ-இ என்று போகும்.