போயும் போயும் வாழைப்பழம்

பெர்லினுக்கு வந்த மூன்றாம் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மவுவர்பார்க் பூங்காவை ஒட்டிக் கூடும் பழைய பொருள் சந்தையில் என்னைச் சுற்றி நின்ற ஐம்பது அறுபது பேரும் ஒரு பாட்டைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். பாடிய குழுவில் ஐந்து பேர். யாருக்கும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஆனால் வகிடெடுத்து எண்ணெய் தடவி வாரிய தலையும், தோள்வார் வைத்த கால்சட்டையும், கழுத்தில் சிறு பட்டாம்பூச்சி டையுமாக, பழைய புகைப்படம் ஒன்றிலிருந்து எழுந்து வந்தவர்கள் போல இருந்தார்கள். பாடியவர் மைக் எதுவும் இல்லாமல், தகரத்தால் ஆன கூம்பு ஒன்றை வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பாட்டில் புரிந்தது ஒரே ஒரு சொல்தான்: வாழைப்பழம். ஒவ்வொரு முறை அவர் 'பனானென், பனானென்' என்று இழுத்தபோதும் கூட்டம் சிரித்தது. தொட்டியத்தில் வாழைக்கொல்லைக்கு நடுவே பிறந்து வளர்ந்த நான், கையில் காய்கறிப் பையுடன், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நின்றேன். சுருக்கென்றது. எங்கள் வீட்டுப் பொருளை நடுத்தெருவில் வைத்து, எனக்கு மட்டும் விளங்காத மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பது போல இருந்தது.

மறுநாள் மொழி வகுப்பில் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் முதலில் சிரித்துவிட்டு, பிறகு அந்தப் பாட்டுக்காகவே பாதி வகுப்பைச் செலவிட்டார். 1923ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிரபலமான வாழைப்பழப் பாட்டு ஒன்று அதே ஆண்டில் ஜெர்மன் மொழிக்கு வந்திருக்கிறது. மெட்டு அமெரிக்க மெட்டு, சொற்கள் முற்றிலும் வேறு. ஒருவன் தன் காதலி கேட்பதையெல்லாம் வாங்கித் தரத் தயாராக இருக்கிறான். கீரை வகை உண்டு, பிளம்ஸ் உண்டு, தண்ணீர்விட்டான் குருத்து உண்டு, ஊரே மூக்கைப் பிடிக்கும் ஒரு பாலாடைக்கட்டி கூட உண்டு. அவளோ அவரை வேண்டாம், பட்டாணி வேண்டாம், வாழைப்பழம்தான் வேண்டும் என்கிறாள். 'அவுஸ்கெரெஷ்னெட்' என்பது அந்தப் பாட்டின் தலைப்பில் முதல் சொல். அகராதியில் அதற்குப் பொருந்தும் சொல் கிடைக்கவில்லை. ஆசிரியை உதாரணம் மேல் உதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். இத்தனை நாள் இருக்க இன்றைக்கா மழை பெய்ய வேண்டும், இத்தனை பேர் இருக்க இவனையா கேட்டாய் என்று அவர் அடுக்கியபோது, திருச்சிக்குப் போய் வந்த அப்பாவின் பையைத் திறந்து பார்த்து, "போயும் போயும் இந்தத் துணிதான் கிடைச்சுதா?" என்று அம்மா கேட்ட குரல் எனக்குள் கேட்டது. போயும் போயும் வாழைப்பழமா! வகுப்பில் நான் மட்டும் அப்போது சிரித்தேன். ஜெர்மன் மொழியில் எனக்கு உரியதாக ஆன முதல் சொல் அதுதான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குழுவைத் தேடிப் போவது வழக்கமாயிற்று. என் கணவர் அவருடைய அலுவலக நண்பர்களுடன் கிரிக்கெட் ஆடப் போவார். நான் சந்தைக்குப் போவேன். அவர்கள் பாடுவது அனைத்தும் 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் இந்த ஊரில் பாடப்பட்ட பாட்டுகள். பாஞ்சோ, கிளாரினெட், வயலின், கையடக்கமான ஒரு பழைய அக்கார்டியன், இவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து பெரிய வாயைத் திறந்துகொண்டு நிற்கும் டியூபா. பாடுபவரே பாஞ்சோவும் வாசிப்பார். கீழ்ஸ்வரங்களை வாசிக்க நரம்புக் கருவி இருக்க, ஊதுகருவியை ஏன் சுமந்து வருகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். 1925இல் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வரும்வரை, ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்று வாசிக்க வேண்டும். கூம்பின் மறுமுனையில் இருக்கும் ஊசி அந்த அதிர்விலேயே மெழுகைக் கீறும். நரம்புக் கருவியின் கீழ்ஸ்வரங்கள் அதில் விழாது, டியூபாவின் ஊதல் விழும். பாஞ்சோவின் கூர்மையான ஒலியும் அதே காரணத்தால்தான் அந்தக் காலப் பாட்டுகளில் எங்கும் கேட்கிறது. பல பாட்டுகளுக்கு அச்சிட்ட இசைத்தாள் கிடைக்காததால், இந்த இளைஞர்கள் பழைய இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு கருவியும் வாசிப்பதைக் காதாலேயே பிரித்து எழுதிக்கொள்கிறார்கள். மூன்று நிமிடப் பாட்டுக்குச் சில நேரம் இரண்டு வாரம் ஆகும் என்றார் வயலின் வாசிப்பவர்.

அவருடைய வயலினைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு அவர் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறார். இசைப்பள்ளியில் அந்த வழுக்கலைத் தவிர்க்கத்தான் தனக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்றும், நூறு ஆண்டுகளுக்கு முன் வாசித்தவர்கள் அதை அழகாகக் கருதியதால் தான் அதை மீண்டும் பழக வேண்டியிருந்தது என்றும் அவர் சொன்னார். எனக்கு எந்தப் பழக்கமும் தேவைப்படவில்லை. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது தானாகவே இனித்தது. வந்த ஆறு மாதத்தில் இந்த ஊரில் எதுவும் என்னை இவ்வளவு இயல்பாக உள்ளே அழைத்ததில்லை.

குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் யாரும் வெளியே வாசிப்பதில்லை. மார்ச் மாதக் கடைசியில் குழு மீண்டும் வந்து, வசந்தம் வந்துவிட்டது என்று வெரோனிகா என்ற பெண்ணை அழைத்துச் சொல்லும் 1930ஆம் ஆண்டுப் பாட்டைப் பாடியபோது, நடுத்தர வயது ஆண்கள் கண்கலங்கிக் கைதட்டியதைப் பார்த்தேன். எங்கள் ஊரில் சித்திரை வெயிலுக்கு யாரும் பாட்டெழுத மாட்டார்கள். ஐந்து மாதம் சூரியனைப் பார்க்காமல் இருந்த பிறகு எனக்கும் அது புரிந்தது.

மொழி எனக்குக் கைகூடியதற்கும் அந்தக் காலப் பாட்டுகளே காரணம். தெருவிலும் அலுவலகத்திலும் மக்கள் சொற்களை விழுங்கிப் பேசுவார்கள். பாட்டில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக நிற்கும். முதல் திருமண நாளுக்கு என் கணவர், அட்மிரால்ஸ்பலாஸ்ட் அரங்கில் மாக்ஸ் ராபே பாடும் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனார். ராபே இந்த ஊரில் இசை படித்த மாணவராக இருந்தபோது, 1986இல் உடன் படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பலாஸ்ட் ஆர்கெஸ்டர் என்ற குழுவைத் தொடங்கியவர். மறு ஆண்டு ஒரு நடன விழாவில் கூடத்துக்கு வெளியே, வருவோர் போவோர் கேட்கும் இடத்தில்தான் அவர்களுக்கு வாசிக்க வாய்ப்புக் கிடைத்ததாம். உள்ளே ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வெளியே வந்து இவர்களைக் கேட்டார்களாம். நெடிய கறுப்புக் கோட்டில், கையைக்கூட அசைக்காமல், பியானோவில் சாய்ந்து நின்று அவர் பாடினார். 'ர' என்ற எழுத்து நாக்கு நுனியில் உருண்டது. ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. அன்றிரவு வீடு திரும்பும் ரயிலில், இனி இது என் ஊரும்தான் என்று கணவரிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தாத்தாவின் கிராமபோன் நினைவுக்கு வந்துவிட்டது.

தாத்தா வாழைத்தார் வியாபாரம் செய்தவர். பூவனும் ரஸ்தாளியும் ஏலரிசியுமாகத் தார்கள் லாரியேறிய பிறகு, திண்ணையில் உட்கார்ந்து கிராமபோனுக்குச் சாவி கொடுப்பார். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது அவர் விதி. தீக்குச்சிப் பெட்டியளவு தகர டப்பாவில் ஊசிகள் இருக்கும், அதைத் தொட எங்களுக்கு அனுமதி கிடையாது. தட்டைத் துடைக்கப் பாட்டியின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டு. பாட்டு பாதியில் இருக்கும்போது சாவி தளர்ந்துவிட்டால் நாடகப் பாடகர் கிட்டப்பாவின் குரல் மெல்ல மெல்ல இறங்கி, கிழவர் முனகுவது போல ஆகிவிடும். நாங்கள் சிரிப்போம். தாத்தா அவசரமாகக் கைப்பிடியைச் சுற்றுவார். அந்தக் குரல் சுவரேறுவது போல எழுந்து மீண்டும் உச்சஸ்தாயிக்குப் போய் நிற்கும். எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயதில் மறைந்துவிட்டார் என்பதைத் தாத்தா ஒவ்வொரு முறையும் சொல்வார், யாரோ எங்களிடம் அதை மறைத்துவிடக் கூடும் என்பது போல.

இங்கே கடையில் வாழைப்பழம் ஒரே வகைதான். கிலோ கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். எட்டாவது ஆண்டு ஆகிறது, அதற்கும் பழகிவிட்டேன் என்றுதான் தொலைபேசியில் அம்மாவிடம் சொல்கிறேன்.

சந்தைக் குழுவிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் வாசிப்பது கூட இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், பாடுபவர் அந்தத் தகரக் கூம்பை இறக்கிவிட்டு, மெட்டமைத்தவர் பெயரையும் பாட்டு எழுதியவர் பெயரையும் சொல்வார். பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் ஒரு வரியில் சொல்வார். முதலில் அதை நான் சம்பிரதாயம் என்று நினைத்தேன். மொழி பிடிபடப் பிடிபட, அந்த ஒரு வரிகள் என்னை அசைத்தன. வசந்தப் பாட்டை எழுதிய ஃப்ரிட்ஸ் ரோட்டரும் மெட்டமைத்த வால்டர் யூர்மனும் யூதர்கள். நாஜிகள் வந்த பிறகு இருவருமே வேறு நாடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. வாழைப்பழப் பாட்டின் ஜெர்மன் வரிகளை எழுதியவர் ஃப்ரிட்ஸ் லோனர் பேடா. வியன்னாவில் வாழ்ந்தவர். ஃபிரான்ஸ் லெஹாரின் இசைநாடகங்களுக்கும் பாட்டு எழுதியவர்களில் ஒருவர். 1938இல் நாஜிகள் அவரைப் பிடித்து டாஹாவ் வதைமுகாமுக்கும், பிறகு புக்கன்வால்ட் முகாமுக்கும் கொண்டுபோனார்கள். முகாமில் கைதிகள் அணிவகுத்துப் பாட ஒரு பாட்டு வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அதையும் உடனிருந்த ஹெர்மன் லியோபோல்டியின் மெட்டுக்கு அவரே எழுதினார். வெளியே லெஹாரின் இசை மேடைகளில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பாட்டுகளை எழுதியவரின் பெயர் மட்டும் நிகழ்ச்சித்தாளில் இல்லை. 1942 டிசம்பரில் அவுஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார்.

இது தெரிந்த நாளன்று, முதல்முறை அந்தப் பாட்டைக் கேட்டு நான் மனம் புண்பட்டு நின்ற இடத்திலேயே நின்று மறுபடி கேட்டேன். கூட்டம் அன்று போலவே சிரித்தது. அவருடைய பெயரைச் சொல்லிவிட்டு, அவர் எழுதிய சொல்லுக்கு, அவர் நினைத்த இடத்தில் மக்களைச் சிரிக்க வைக்கிறார்கள். அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரியதாக எனக்குத் தெரியவில்லை. பழைய உடை அணிவது, எண்ணெய் வைத்து வாருவது எல்லாம் வேடிக்கைக்காக என்று நினைப்பவர்கள் அந்த ஒரு வரியைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சென்ற நவம்பரில், பருவத்தின் கடைசி ஞாயிறு. ஆட்கள் குறைவு. வயலின் வாசிப்பவர் என்னிடம், உங்கள் ஊரில் அதே ஆண்டுகளில் என்ன பாடினார்கள் என்று கேட்டார். கிட்டப்பாவைப் பற்றியும், கே. பி. சுந்தராம்பாளைப் பற்றியும், விடிய விடிய நடக்கும் நாடகங்களைப் பற்றியும், கால் ஆர்மோனியத்தைப் பற்றியும் சொன்னேன். பாடிக் காட்டச் சொன்னார். தாத்தாவுக்கு மிகவும் பிடித்த தட்டிலிருந்து முதல் அடியை, குளிரில் குரல் நடுங்க, என்னால் முடிந்த மட்டும் பாடினேன். அவர் வயலினை எடுத்து, என் குரலின் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வந்தார். இரண்டாம் முறை பிடித்துவிட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "எழுதியவர் யார்?"

எனக்குத் தெரியவில்லை. தாத்தாவும் சொன்னதில்லை. பாடியவரின் பெயரையும் அவர் இறந்த மாதத்தையும் அறிந்த எங்கள் வீட்டில், பாட்டின் சொந்தக்காரரைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமாவை அழைத்தேன். ஊரில் இரவு ஒன்பது மணி. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, டார்ச் அடித்து, இசைத்தட்டின் நடுவட்டத் தாளில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். பாடியவர் பெயர், ராகம், தாளம், ஓர் எண். மற்றதைப் பூஞ்சை தின்றிருந்தது. தின்ற இடத்தில் வேறு பெயர் இருந்ததா என்பதும் தெரியவில்லை.

"சங்கரதாஸ் சுவாமிகளா இருக்கலாம்மா, ஆனா நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். பங்குனித் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போட வருவாங்க. ஆர்மோனியம் வாசிக்கிறவரு வயசானவரு, அவர்கிட்ட பாடிக் காட்டிக் கேக்குறேன். நீ அந்தத் தம்பிகிட்ட பொறுத்துக்கச் சொல்லு."

பங்குனிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. வயலின்காரரிடம் சொன்னேன். அவர் குறிப்பேட்டில் கிட்டப்பாவின் பெயரை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, அதன் மேலே ஒரு வரி அளவு இடத்தை எழுதாமல் விட்டார்.