நாகலாபுரமும் ஒரு கணுக்காலும்

நவம்பர் 14, வெள்ளி

சித்தி பையன் முதல்முறையாக எங்களோடு ஆந்திராவில் இருக்கும் நாகலாபுரம் மலைக்கு வருகிறான். ஷூ வாங்கக் காலையிலேயே கிளம்பி நின்றவனைச் சாயங்காலம் வரை பிடித்து வைத்துத்தான் பாண்டி பஜாருக்குக் கூட்டிப் போனேன். நாள் முழுக்க நின்ற கால் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும், அந்தக் காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு எடுத்தோம். ஷூ காலுக்குப் பழக, இனி தினமும் வேலைக்கு இதுதான், லீவு நாளில் பரங்கிமலைப் படி.

டிசம்பர் 5, வெள்ளி

நகத்தை நேராக வெட்டச் சொன்னேன். ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் வளரும், நீளமாக விட்டால் இறக்கத்தில் ஷூவில் முட்டி ரத்தம் கட்டிக் கறுத்துப் போகும். பையிலிருந்த பருத்தி சாக்ஸ் எல்லாம் வெளியே. நம்ம ஊர் வெயிலுக்குப் பருத்தி நல்லது என்பார்கள், சட்டைக்குச் சரி, மலையேறும் காலுக்கு இல்லை. வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும், ஈரத் தோல்தான் சீக்கிரம் கொப்புளமாகும். பாலியெஸ்டர் அல்லது கம்பளி கலந்தது, மாற்று ஜோடி, மைக்ரோபோர் டேப், வாசலின், கிரேப் பேண்டேஜ்.

டிசம்பர் 7, ஞாயிறு, ராத்திரி

ஓடையெல்லாம் நல்ல தண்ணீர். ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே "குதிகால்ல லேசா எரியுதுண்ணா" என்றான் தம்பி. முன்னால் போனவர்கள் அருவியில் போய்ப் பார்த்துக்கலாம் என்று சத்தம் போட்டார்கள், நான் அங்கேயே உட்கார வைத்துவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த எரிச்சலில் நின்று, காலைத் துடைத்துக் காயவிட்டு, டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, காய்ந்த சாக்ஸ் மாட்டினால் பெரும்பாலும் அதோடு நிற்கும். தள்ளிப்போட்டால் நீர் கோத்துவிடும், அப்புறம் நாள் முழுக்க நொண்டல். தம்பிக்கு நின்றது.

வெளியே சொல்லாமல் நடந்த இன்னொருவருக்குக் கொப்புளமே வந்துவிட்டது. சின்னதுதான், உடைக்க விடவில்லை, அந்தத் தோல்தான் கிருமிக்குத் தடுப்பு. பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால் மட்டும் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி, நீரை எடுத்து, தோலை உரிக்காமல் வாசலின் தடவிக் கட்டலாம். சர்க்கரை உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்யவே கூடாது, நேராக டாக்டர்.

இறக்கத்தில் பாசிப் பாறையில் நண்பருக்குக் கணுக்கால் மடங்கியது. பேண்டேஜ் சுற்றி, தோள் கொடுத்து மெதுவாக இறக்கினோம்.

டிசம்பர் 8, திங்கள்

நண்பரின் அம்மா சுளுக்கு எடுக்கிறவரிடம் கிளம்பிவிட்டார். "அம்மா, இப்ப உருவ வேண்டாம், வீக்கம் கூடும்" என்று போனில் கெஞ்சினேன். கணுக்காலின் பக்கவாட்டு எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, நாலு அடி ஊன்றி வைக்க முடியாவிட்டாலோ முதலில் எக்ஸ்ரே, மற்றதெல்லாம் அப்புறம். ரெண்டும் இல்லை. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், விட்டு விட்டு. கால் தலையணை மேல்.

டிசம்பர் 13, சனி

வீக்கம் வடிந்துவிட்டது, அடுத்த வாரமே மலை என்கிறார். வேண்டாம் என்றேன். ஒருமுறை மடங்கிய கணுக்கால் மறுபடி மடங்குவது சுலபம், தசைநார் ஆறினாலும் சமநிலை திரும்பப் பழக்க வேண்டும். வலியில்லாமல் ஊன்ற முடிவதால், சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்க ஆரம்பித்திருக்கிறார். தம்பிக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் மாதிரி அரிப்பு, ஈர ஷூவோடு சென்னை வரை வந்ததால்தான். கழுவி நன்றாகத் துடைக்கச் சொல்லி, பூஞ்சைக்கான கிரீம் வாங்கிக் கொடுத்தேன். பர்வதமலைக்குத் தேதி கேட்கிறார்கள், நண்பர் படியில் வலியில்லாமல் இறங்கிக் காட்டட்டும், அப்புறம் டிக்கெட் போடலாம்.